ஸ்ட்ரிப் லைட் விற்கும் கடைக்காரர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

தொழில் அறிவுப் பாடம்
பூதப்பாண்டி மின்பொருள் வணிகர் ஒருவர்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பூதப்பாண்டிக் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சி ஓராண்டு கூட ஆகவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடு. ஹாலில் பால்ஸ் சீலிங் போட்டு, அதன் உள்ளோரம் முழுவதும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட் ஓட்டியிருந்தார். சரக்கு எல்லாம் என் கடையில் வாங்கியதுதான். "அண்ணாச்சி, வாசப்பக்கம் நல்லா எரியுது. அடுக்களைப் பக்கம் மங்கிப்போய்க் கிடக்கு. இப்ப ரெண்டு நாளா மின்னி மின்னி அணையுது" என்றார்.

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று ரோல்களையும் ஒன்றின் வாலில் மற்றொன்றை ஒட்டி, மொத்தத்தையும் ஒரே ஒரு 5 ஆம்பியர் டிரைவரில் கொடுத்திருந்தார்கள். அந்த டிரைவர் சீலிங்குக்கு மேலே, காற்றுக்கு வழியில்லாமல், கையும் நுழையாத மூலையில் கிடந்தது. ஜிப்சம் பலகையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அறுத்த இடத்தைப் பூசி, ஹால் முழுவதும் மறுபடி பெயிண்ட் அடித்த செலவு, ஸ்ட்ரிப் லைட் வாங்கிய விலையைத் தாண்டிப் போயிற்று.

வயர்மேன் சரக்கு சரியில்லை என்றார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்னுடைய பில்லில் "ஸ்ட்ரிப் 3, டிரைவர் 1" என்பதைத் தவிர வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டிரைவரின் மேல் கம்பெனிப் பெயரும் இல்லை. கொள்முதல் செய்த மொத்தக் கடையில் கேட்டால் "எந்தப் பில்லில் வாங்கியது?" என்று திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். ஆறு மாதம் ஸ்ட்ரிப் லைட் விற்றுக் கிடைத்த ஆதாயம் அந்த ஒரு வீட்டில் போயிற்று.

அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். சுருக்கமாகச் சொன்னால், ஸ்ட்ரிப் லைட்டை ரோல் கணக்கில் விற்கக் கூடாது; வாட் கணக்கில் விற்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான் திரும்பி வரும் சரக்கில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. மின்பொருள் கடை வைத்திருப்பவர்கள் மட்டுமல்லாமல், பலசரக்குடனோ பிளாஸ்டிக் சாமானுடனோ சேர்த்துப் பண்டிகைக் காலத்தில் இதை விற்கும் உறுப்பினர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரக்கின் உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்ட்ரிப் என்பது வளையக்கூடிய மெல்லிய நாடா. அதில் மெல்லிய செம்புத் தகடு இரண்டு ஓரமும் ஓடும். இடையில் சிறு சிறு எல்.இ.டி.களும் ரெசிஸ்டர்களும் பற்றவைக்கப்பட்டிருக்கும். விளக்கு எரியாதபோது எல்.இ.டி.யின் முகம் மஞ்சளாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் சில்லு உண்மையில் நீல ஒளி தருவது. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்ப் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மாற்றி, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்.இ.டி. 1962லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் கிடைக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் கடை அலமாரியில் இருக்கும் வெள்ளை விளக்குகள் எல்லாம் அந்த நீலத்தின் பிள்ளைகள்தான்.

வெள்ளை எல்.இ.டி. ஒன்று எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.களை வரிசையாகக் கோத்து 9 வோல்ட்டுக்குச் சற்று மேல் அவற்றுக்குக் கொடுத்து, மீதியை ரெசிஸ்டர் ஏற்றுக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே மூன்று மூன்றாகத்தான் வெட்டலாம். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள ரோலில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுக்குறி இருக்கும். 120 உள்ளதில் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்று. குறியில்லாத இடத்தில் கத்தரி வைத்தால் அந்த மூன்றும் எரியாது. கடைப் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது இது.

அட்டைப் பெட்டியில் 2835, 5050 என்று எண்கள் இருக்கும். இவை எல்.இ.டி.யின் அளவுதான். 2835 என்றால் 2.8 மில்லிமீட்டர்க்கு 3.5 மில்லிமீட்டர், 5050 என்றால் 5க்கு 5. பெரிய எண் என்றால் நல்ல சரக்கு என்று நம்மில் சிலர் வாடிக்கையாளரிடம் சொல்லி விற்கிறோம். அது சரியல்ல. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது மீட்டருக்கு எத்தனை வாட் என்பதும், அந்த வாட்டை எவ்வளவு நன்றாக ஒளியாக்குகிறது என்பதும்தான். மீட்டருக்கு 4.8 வாட், 9.6 வாட், 14.4 வாட் என்பவை வழக்கமாக வரும் ரகங்கள்.

வாட் கணக்கு

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். சீலிங்கின் உள்ளோரம் 12 அடிக்கு 10 அடி. சுற்றளவு 44 அடி, அதாவது 13.4 மீட்டர். நான் கொடுத்தது மீட்டருக்கு 9.6 வாட் ரகம். 13.4 × 9.6 = ஏறத்தாழ 129 வாட். இதை 12 ஆல் வகுத்தால் 10.7 ஆம்பியர். நான் கொடுத்த டிரைவர் 5 ஆம்பியர், அதாவது 60 வாட்! ஒரு மூட்டை தூக்குகிறவன் தலையில் இரண்டு மூட்டை ஏற்றியது போல. அவன் ஓராண்டு நின்றதே பெரிது.

டிரைவரை அதன் முழுச் சக்திக்கு ஓட்டக் கூடாது. கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். 129 வாட்டுக்கு 161 வாட் வேண்டும். கடையில் கிடைக்கும் அளவுகளில் 12 வோல்ட் 15 ஆம்பியர், அதாவது 180 வாட் டிரைவர் அதற்குப் பொருந்தும். மொத்த மீட்டர், மீட்டருக்கு வாட், அதற்கு மேல் கால் பங்கு. மூன்றாம் வகுப்புப் பெருக்கல்தான். ஆனால் இதைப் போடாமலேயே "ஒரு ரோலுக்கு ஒரு அடாப்டர்" என்று வாய்ப்பாடாக விற்றுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல சரக்கில் 9.6 வாட் ஸ்ட்ரிப் ஒரு மீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பின் வெளிச்சம் தரும். அப்படியானால் அந்த ஹாலில் நான் 13 பல்புகளை மாட்டிவிட்டேன் என்று பொருள். அதற்கு மேல் நடுவில் பேன்சி விளக்கு, நான்கு மூலைக்கும் டவுன் லைட். இரவில் ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்க்க அவ்வளவு வெளிச்சம் யாருக்கு வேண்டும்? சீலிங் ஓரத்து அழகுக்கு மட்டும் என்றால் 4.8 வாட் ரகமே போதும். அதே 13.4 மீட்டருக்கு 64 வாட். கால் பங்கு கூட்டினால் 80. 100 வாட் டிரைவர் ஒன்று தாராளம். பில் தொகை குறையும் என்பது உண்மை. ஆனால் ஸ்ட்ரிப் சூடாவது குறையும், டிரைவர் நீண்ட நாள் நிற்கும், சரக்கு திரும்பி வராது. அழகுக்கா, வேலை வெளிச்சத்துக்கா என்ற கேள்வியை வாடிக்கையாளரிடம் கேட்காமல் நான் இப்போது ரோலைக் கையில் எடுப்பதில்லை. அடுக்களையில் காய் நறுக்கும் மேடைக்கு மேலே என்றால் 9.6 அல்லது 14.4 வேண்டும். சாமி அறைக்கும் மாடிப்படிக்கும் 4.8 கூட அதிகம்.

மின்கட்டணமும் கேட்பார்கள். 129 வாட் ஸ்ட்ரிப் எரிய, டிரைவரில் வீணாகும் பங்கையும் சேர்த்து மீட்டரில் ஏறத்தாழ 148 வாட் ஓடும். நாள்தோறும் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 35 யூனிட். "எல்.இ.டி.தானே, கரண்டே இழுக்காது" என்று சொல்லி விற்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு முனை பளிச்சென்றும் மறுமுனை மங்கலாகவும்

இனி வாசல் பக்கம் நன்றாக எரிந்து அடுக்களைப் பக்கம் ஏன் மங்கியது என்பதைப் பார்ப்போம். நமது ஊர் வயலில் கால்வாய்த் தண்ணீர் மடை வயலுக்குத் தாராளமாகவும் கடை வயலுக்கு ஒழுகியும் போவது போன்றதுதான் இது. ஸ்ட்ரிப்பில் உள்ள செம்புத் தகடு மெல்லியது. மின்சாரம் போகப் போக வோல்ட் குறைகிறது. முதல் எல்.இ.டி.க்கு 12 வோல்ட் கிடைத்தால், கடைசிக்குப் பத்தோ அதற்கும் கீழோ கிடைக்கும். 9 வோல்ட்டுக்கு அருகே வந்துவிட்டால் எல்.இ.டி. எரிய மறுக்கும். எனவே 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒரே மூச்சில் 5 மீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. மூன்று ரோல் என்றால் டிரைவரிலிருந்து மூன்று தனி வயர் போக வேண்டும். ஒன்றின் வாலில் ஒன்றை ஒட்டுவது வயர்மேனுக்கு எளிது, வீட்டுக்காரருக்குத்தான் கேடு.

டிரைவரிலிருந்து ஸ்ட்ரிப் வரை போகும் வயரையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம். டிரைவர் 10 மீட்டர் தள்ளி இருந்தால், போக 10, வர 10, ஆக 20 மீட்டர். தடை 0.36 ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகும். 12இல் 2 போனால் வீட்டில் வெளிச்சம் எப்படி இருக்கும்? இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.9 வோல்ட்டுக்குள் அடங்கும். டிரைவரை அருகிலேயே வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் நம் வயர்மேன்கள் பலர் மீதிக் கிடக்கும் ஸ்பீக்கர் வயரை இதற்கு இழுக்கிறார்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்ற எண்ணம். ஷாக் அடிக்காது, ஆனால் ஆம்பியர் அதிகம், மெல்லிய வயர் சூடாகும். 230 வோல்ட்டில் 72 வாட் விளக்குக்கு மூன்றில் ஒரு ஆம்பியர் கூட ஓடாது. 12 வோல்ட்டில் அதே 72 வாட்டுக்கு 6 ஆம்பியர் ஓடுகிறது. வோல்ட் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று எண்ணி மெல்லிய வயர் போடுவது தவறு என்பதை நம்மிடம் வரும் வயர்மேன்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் நல்ல வழி 24 வோல்ட் ஸ்ட்ரிப். அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகிறது. மேலே சொன்ன 10 மீட்டர் வயரில் 3 ஆம்பியர்தான் ஓடும். இழப்பு 1 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதுவும் 24இல் 1 என்பதால் கண்ணுக்குத் தெரியாது. பொதுவாக 10 மீட்டர் வரை ஒரே ஓட்டமாக ஓட்டலாம். முழு ஹாலுக்கும் கேட்பவர்களுக்கு நான் இப்போது 24 வோல்ட்டையே எடுத்துக் காட்டுகிறேன். ஒன்று மட்டும் எச்சரிக்கை: 12 வோல்ட் ரோலையும் 24 வோல்ட் டிரைவரையும் கடையில் ஒரே அலமாரியில் கலந்து வைக்காதீர்கள். மாற்றிக் கொடுத்தால் ரோல் அங்கேயே கருகும். நான் டிரைவர் பெட்டிகளில் சிவப்பு மையில் 24 என்று பெரிதாக எழுதி வேறு தட்டில் வைத்திருக்கிறேன்.

மீட்டர் வைத்துச் சோதனை

பெட்டியில் அச்சிட்ட வாட்டை அப்படியே நம்ப முடியாத சரக்கும் சந்தையில் வருகிறது. இதற்கு ஒரு மலிவான மல்டிமீட்டர் போதும். புதிய சரக்கு வந்ததும் ஒரு ரோலிலிருந்து சரியாக 1 மீட்டர் வெட்டி, நல்ல 12 வோல்ட் டிரைவரில் கொடுத்து, ஆம்பியரை அளந்து பாருங்கள். 14.4 வாட் என்றால் 1.2 ஆம்பியர் காட்ட வேண்டும். 9.6 என்றால் 0.8, 4.8 என்றால் 0.4. முழு 5 மீட்டர் ரோலை அளந்தால் வோல்ட் இழப்பால் நல்ல சரக்கும் குறைவாகவே காட்டும். ஆகவே 1 மீட்டரில் அளப்பதே நியாயம். ஒரு முறை 14.4 என்று அச்சிட்ட சரக்கு எனக்கு 0.6 ஆம்பியர் காட்டியது. அந்தச் சரக்கை அன்றே திருப்பி அனுப்பினேன். வாதம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

கல்லாவில் வாடிக்கையாளருக்கு எரித்துக் காட்டும்போது ரோலைச் சுருட்டியபடியே மின்சாரம் கொடுத்துப் பேச்சில் ஆழ்ந்துவிடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். சுருளின் உள்ளே சூடு வெளியேற வழியில்லை. சில விநாடிகளில் அணைத்துவிட வேண்டும். சூடுதான் எல்.இ.டி.யின் எமன். மீட்டருக்கு 9.6 வாட்டும் அதற்கு மேலும் விற்கும்போது அலுமினிய சேனலும் சேர்த்துக் கொடுங்கள். சூட்டை அது வாங்கிக்கொள்ளும், பின்புறப் பசை விட்டு ஸ்ட்ரிப் தொங்கவும் செய்யாது. வெள்ளையடித்த சுவரில் நேரடியாக ஒட்டினால் பசை சுண்ணாம்புப் பொடியைத்தான் பிடிக்கும். எப்போது விழும் என்பதுதான் கேள்வி. சேனலில் நமக்குக் கிடைக்கும் லாபமும் ஸ்ட்ரிப்பில் கிடைப்பதைவிடக் குறைவில்லை.

வெளிச்சத்தின் நிறம்

நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்கிறார்கள். பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஏறத்தாழ 2700. வார்ம் ஒயிட் 3000 வரை. 4000 இடைப்பட்டது. 6500 டியூப் லைட் போன்ற நீலம் கலந்த வெள்ளை. எண் கூடக் கூட வெளுத்துப்போகும். நம் பகுதியில் "பளிச்சுன்னு வெள்ளையா" என்று கேட்பவர்களே அதிகம். ஆனால் தேக்கு, பலா மர வேலைப்பாடு உள்ள வீடுகளில் 6500 போட்டால் மரம் சாம்பல் பூத்தது போல் தெரியும். எரித்துக் காட்டிவிடுங்கள், அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். நான் ஒரு தேக்குப் பலகைத் துண்டில் மூன்று நிறத்தையும் அரை அரை மீட்டர் ஒட்டிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்த்தவர்களில் வார்ம் ஒயிட்டுக்கு மாறாதவர்கள் குறைவு.

ஜவுளிக்கடை, நகைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் கடைக்கே வாங்கும்போது சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். பொருளின் உண்மை நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 100க்கு 80 வீட்டுக்குப் போதும். பட்டுச் சேலை காட்டும் இடத்துக்கு 90 வேண்டும். கடையில் அரக்காகத் தெரிந்த சேலை வீட்டில் வெயிலில் வேறு நிறமாகத் தெரிந்தால், குறை சேலையில் இல்லை.

ஒரே வீட்டுக்கு மூன்று ரோல் கொடுத்தால் மூன்றும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும். வெவ்வேறு பேட்ச் என்றால் இரண்டுமே 3000 கெல்வின்தான் என்றாலும், அடுத்தடுத்து ஒட்டும்போது ஒன்று சற்று இளஞ்சிவப்பாகவும் மற்றது பச்சை சாயலாகவும் தெரியக் கூடும். பல நிறம் மாறும் ஸ்ட்ரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள், விற்கலாம். ரிமோட்டும் கண்ட்ரோலரும்தான் முதலில் கெடும் என்பதால் அவற்றைத் தனியாகவும் கையிருப்பில் வையுங்கள். மூன்று நிறமும் சேர்ந்து வரும் வெள்ளை நல்ல வெள்ளை அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மழையும் காற்றும்

நமது மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு, மழையைப் பக்கவாட்டில் அடித்து உள்ளே கொண்டுவரும். ஆகவே தாழ்வாரம், மாடிக் கைப்பிடிச் சுவர், வாசல் தூண் ஆகியவற்றுக்கு ஐ.பி. 20 என்று எழுதிய திறந்த ஸ்ட்ரிப்பை விற்கவே கூடாது. ஐ.பி. 65 சிலிக்கான் பூச்சு உள்ளது, சாரல் படும் இடத்துக்கு. ஐ.பி. 67 முழு உறைக்குள் இருப்பது, மழை நேரடியாக விழும் இடத்துக்கு. ஐ.பி. 65 ரோலை வெட்டிய உடனே வெட்டுவாயில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மூடி போட்டுச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். காடி வாசனை அடிக்கும் சாதாரணச் சிலிக்கான் பசை வேண்டாம்; அது காயும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரித்துவிடும். நியூட்ரல் என்று எழுதிய குழாயைக் கொடுங்கள். வெளியே போடும் டிரைவருக்கும் இதே விதிதான்; மழைக்காப்பு இல்லாத தகரப்பெட்டி டிரைவரைக் கேரி பேக்கில் சுற்றிக் கட்டிவைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மழையும் நுழையும், சூடும் வெளியேறாது.

நேரடி 230 வோல்ட்டில் எரியும் ரோப் லைட், ரிப்பன் லைட்டுகளைக் கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் விற்கிறோம். டிரைவர் இல்லை, பிளக்கில் ஒரு ரெக்டிபையர் மட்டும், விலையும் மலிவு. ஆனால் அதன் நீளம் முழுவதும் வீட்டு மின்சாரம் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. உறை கிழிந்தால் கை வைத்தவருக்கு ஷாக்தான். அத்துடன் அந்த ஒளி விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. சிலருக்குத் தலைவலி வரும். திருவிழாவுக்கு உயரத்தில் கட்டலாம். கட்டிலின் தலைமாட்டுக்கும், குழந்தையின் கைக்கு எட்டும் இடத்துக்கும், குளியலறைக்கும் கேட்டால் விற்பதில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் நம் கல்லாவுக்கு வரும் வழி

வணிகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் விளைந்த கேட்டுக்கு யார் பொறுப்பு என்பதற்கு அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. அதன் 86ஆம் பிரிவு விற்பனையாளரைப் பற்றியது. பொருளைத் தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டாலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, விற்றவரே பொறுப்பு. விற்றவர் பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே கேட்டுக்கு முக்கியக் காரணமானாலும் அவர் பொறுப்பு. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தைத் தாமாகத் தந்தாலும், தயாரிப்பாளர் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டாலும் அப்படியே.

இதை ஸ்ட்ரிப் லைட்டோடு பொருத்திப் பாருங்கள். பெயரில்லாத டிரைவர் தீப்பிடித்தால் கேஸ் யார் மேல்? நாம் கடையில் வெட்டிச் சோல்டர் வைத்துக் கொடுத்த இணைப்பு விட்டுப்போனால்? "ரெண்டு வருஷம் நான் கியாரண்டி" என்று வாய்ப்பேச்சில் சொன்னால்? மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். பெயரில்லாத சரக்கில் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக இந்தச் சுமையை ஏற்க வேண்டுமா என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

டிரைவர்கள், 2012ஆம் ஆண்டு மின்னணுப் பொருள் கட்டாயப் பதிவு உத்தரவில் பின்னர் சேர்க்கப்பட்டவை. டிரைவரின் மேல் ஐ.எஸ். 15885 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்துடன் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்குச் சரங்களும் 2017 ஆகஸ்ட் அறிவிப்பில் இதே கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டன. எண் அச்சிட்டிருக்கிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். எந்தத் தொழிற்சாலை, எந்தப் பிராண்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கொள்முதல் செய்யும் இடத்திலேயே, பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்யலாம். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., எந்த நாட்டுச் சரக்கு என்பவையும் இருக்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்குகளுக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது. பில் இல்லாமல் வாங்கும் ஆசை அப்போதிருந்து சிலருக்குக் கூடிவிட்டது. பில் இல்லாத கொள்முதலில் உள்ளீட்டு வரியும் போகிறது. திருப்பி அனுப்பும் உரிமையும் போகிறது. மேலே சொன்ன பிரிவின் கீழ் "இவர்தான் எனக்கு விற்றவர்" என்று கை காட்டும் வழியும் போகிறது. நான் அடிபட்டது அப்படித்தான்.

கையிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்.இ.டி. விலை இறங்கும் சரக்கு. மத்திய அரசு நிறுவனம் ஒன்று 2014இல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த பல்பு 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. ஸ்ட்ரிப்பிலும் பெட்டி பெட்டியாக அடுக்கிவைப்பது லாபமாகாது. ஒரு நல்ல பிராண்டில் 4.8, 9.6 என இரண்டு வாட், 3000, 6500 என இரண்டு நிறம், 24 வோல்ட்டில் ஒரு ரகம், ஐ.பி. 67 கொஞ்சம். இவ்வளவு இருந்தால் சிற்றூர்க் கடைக்குப் போதும். மற்றவற்றை ஆர்டர் எடுத்து நாகர்கோவிலிலிருந்து வரவழைக்கலாம்.

"போனில் இதைவிட மலிவாக வருகிறதே" என்று வாடிக்கையாளர் கேட்பது எல்லாக் கடையிலும் உண்டு. உண்மைதான், ரோல் அங்கே மலிவு. ஆனால் அவருடைய ஹாலின் சுற்றளவைக் கேட்டு, எத்தனை ஆம்பியர், எத்தனை தனி வயர், டிரைவரை எங்கே வைத்தால் கை எட்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டு வயர்மேனுக்கும் ஒரு நகல் கொடுத்த பிறகு, விலை பேசுவதை விட்டுவிட்டவர்கள் பலர்.

இப்போது என் பில்லில் இப்படி எழுதுகிறேன்: "2835, 120 எல்.இ.டி., 24 வோல்ட், மீட்டருக்கு 9.6 வாட், 3000 கெல்வின், ஐ.பி. 20, 13.4 மீட்டர், பேட்ச் எண் இது. டிரைவர் 24 வோல்ட், 200 வாட், ஆர் எண் இது. இரண்டு தனி வயர், ஒவ்வொன்றும் இரண்டரை சதுர மில்லிமீட்டர். டிரைவரைத் திறந்து பார்க்கக் கூடிய இடத்தில் வைக்கவும். தயாரிப்பாளர் உத்தரவாதம் மட்டும்." வாங்குபவர் கையெழுத்தையும் அடியில் வாங்கிக்கொள்கிறேன். முன்பு சொன்ன வீட்டுக்காரர் போன மாதம் மாடி அறைக்கு லைட் கேட்டு வந்தார். பில்லை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஆதாரம் எழுதுத மாதிரி எழுதி வச்சிருக்கியளே" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, டிரைவருக்கு மேலே சீலிங்கில் ஒரு கதவு வைக்க ஆசாரியிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.